எட்டு ஸ்பிரிங்குகளும் ஆடை கட்டிய டீயும்

தம்பிகளா, கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் பழைய கார்களுக்குத் துரு எடுத்து மெருகு போடுகிற உங்களில் பாதிப் பேருக்கு ஏழுமலை என்றால் யாரென்று தெரியாது. 'மலைக்கு ஓடினவரு' என்றால் உடனே தெரியும். வண்டியில் கோளாறு என்று தெரிந்த அடுத்த நிமிடமே மொபெட்டை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் பறந்தேன், ஒரு குடும்பத்தையே காப்பாற்றினேன் என்று யாரோ உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். போன மாதம் உங்களில் ஒருவன் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, "அண்ணே, அந்த மலைக் கதைய எங்க பசங்களுக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டான். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட கதையில் ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள்.

முதலில் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் துருவைக் கண்டால் ஆகாது. பம்பர், கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் இவை மின்னினால் போதும் என்றுதான் வண்டிக்காரர்கள் நினைப்பார்கள். எனக்கு அது போதாது. சீட்டுக்கு அடியில் இருக்கிற போல்ட்டின் தலைகூட முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். "உள்ள இருக்கறத எவன் பாக்கப் போறான்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். இந்தக் குணத்தைத் தொழில் பக்தி என்று நானே பல பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். தொழில் பக்தியில் பாதி வெறும் வீம்பு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டி சின்னசேலத்து அரிசி மில்காரருடையது. பெயர் வேண்டாம், மில்லுக்காரர் என்றே சொல்கிறேன். ஐம்பதுகளில் வந்த கறுப்புக் கார். பல வருடம் மில் கொட்டகையில் தவிட்டுத் தூசுக்குள் கிடந்து, இரும்பாக இருந்ததெல்லாம் துருவாகிவிட்டிருந்தது. மருமகளின் பெற்றோர் சேலத்திலிருந்து வருகிறார்கள், அந்தச் சம்பந்தி வீட்டாரை இந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். இன்ஜின், பிரேக் எல்லாம் ஒரு மெக்கானிக் பார்த்தார். உலோகச் சாமான்களைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு.

பம்பரும் கிரில்லும் முடிந்து நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது மெக்கானிக் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினார். பிரேக் ஸ்பிரிங்குகள். புதிதாக வந்தவனுக்காகச் சொல்கிறேன்: பிரேக்கை மிதித்தால், சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்முக்குள் இருக்கிற இரண்டு பிறை வடிவ ஷூவும் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். காலை எடுத்தால் அவற்றைத் திரும்ப இழுத்துக்கொள்வது இந்த ஸ்பிரிங்தான். வண்டி ஓடினாலும் நின்றாலும் அது இழுபட்டபடியேதான் உள்ளே மாட்டியிருக்கும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு. டிக்கியில் கிடந்த உபரி ஒன்று, ஆக ஒன்பது. இந்த மாடலுக்குப் புதிது எங்கேயும் கிடைக்காது.

"கம்பி பிரஷ் போட்டு லேசா தேச்சிக் குடு அண்ணே, அது போதும். டிரம்முக்குள்ள போற சாமானு, எவன் பாக்கப் போறான்?" என்றார் மெக்கானிக்.

சொன்னாரே அந்த வார்த்தையை! அவர் போனதும் ஒன்பதையும் ஆசிட் தொட்டியில் போட்டேன். மாலையில் போட்டதைக் காலையில்தான் எடுத்தேன். சுருள் இடுக்கில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாக, மோட்டாரில் சுழல்கிற துணிச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றினேன். மெக்கானிக் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, கொலுசு மாதிரி பண்ணி வெச்சிகினுகீற" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் எட்டையும் மாட்டிக் கொடுத்தார், மில்லுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

மிஞ்சிய ஒன்பதாவதை என் மனைவி செல்வி கேட்டாள். பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு உண்டு. அது காற்றில் திறந்துகொள்ளும், பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து அவள் காயப்போட்ட வடகத்தைத் தின்றுவிடும். ஸ்பிரிங்கை இழுத்து நிலையிலிருந்து கதவுக்கு மாட்டிவிட்டாள். கதவு ஜம்மென்று மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மணி ஒன்பது. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். நான் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். செல்வி எனக்கு டீயை வைத்துவிட்டுப் போனாள். போன வேகத்தில் கத்திக்கொண்டே திரும்பி வந்தாள். கையில் ஸ்பிரிங் இரண்டு துண்டாக இருந்தது.

"இன்னாங்க உங்க மெருகு? டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சி, போய்ப் பாத்தா கதவு தொறந்து கெடக்குது. வடகம் பூரா ஆட்டு வயித்துல!"

"நீ வேகமா இழுத்திருப்ப."

"நான் இங்க டீ ஊத்திகினு இருந்தேன். அங்க ஒரு ஈ காக்கா இல்ல. அதுவா தெறிச்சிகினுச்சி."

வாங்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் அறுந்தால் கொஞ்சமாவது இழுபட்டு, மெலிந்து அறும். இது அப்படி இல்லை. நேராக, கற்கண்டை உடைத்தது போல உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் பொடிப்பொடியாக மின்னியது. பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஏனென்றால் நான் கேள்விப்படாதவன் இல்லை. சேலத்தில் முலாம் பூசுகிற ஒருவர் எனக்குப் பழக்கம். ஸ்பிரிங்கை ஆசிட்டில் ஊறப் போடாதே, போட்டால் கையோடு சூட்டில் வாட்டு என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தார். தொழில் ரகசியம் மாதிரி பீற்றிக்கொள்கிறார் என்று நான் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டேன்.

செல்வி ஆட்டுக்காரியோடு சண்டை போடப் போய்விட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. இது உபரி, அதனால் மட்டமான சாமானாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வெயிலில் கிடந்ததால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாட்டிய எட்டும் ஞாயிறு வரை ஓடிவிட்டதே, இனி என்ன ஆகப் போகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். அதற்கெல்லாம் அடியில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. சம்பந்தியை உட்கார வைத்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிற மனுஷனிடம், 'நிறுத்துங்க, நான் தப்பு பண்ணிட்டேன்' என்று எப்படிச் சொல்வது? இத்தனை வருடப் பெயர் என்ன ஆவது? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைத்ததாம். அந்தப் பூனை அன்றைக்கு நான்தான்.

சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இருந்தேன்.

செல்வி திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். "இன்னா அப்பிடியே குந்திகினு இருக்கீங்க? ஒடம்பு எதுனா பண்ணுதா?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம்தான் சேலத்துக்காரருக்குப் போன் போட்டேன். அவர் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லிவிட மாட்டாரா என்கிற நப்பாசையில்தான் போட்டேன்.

அவர் இரண்டே கேள்விதான் கேட்டார். "எவ்ளோ நேரம் ஊறுச்சு?"

"சாயந்தரத்துலேர்ந்து காலை வரைக்கும்."

"சூட்டுல வாட்டினியா?"

"இல்ல."

பிறகு சொன்னார்: "ஸ்பிரிங் இரும்பு ஆசிட்டக் குடிச்சிருக்கும் ஏழுமலை. வெளிய மின்னும், உள்ள பொரிஞ்சு போயிருக்கும். இழுத்து மாட்டி வெச்சா ஒரு நாளோ, ரெண்டு நாளோ, தானா தெறிக்கும். ஆமா, மீதி எல்லாம் எங்க இருக்கு?"

"ஒரு வண்டியில."

"வண்டி எங்க இருக்கு?"

"மலைக்குப் போய்க்கினு இருக்குது."

"அட பாவி! மொதல்ல போன வை. அவங்களுக்குப் போடு!"

போட்டேன். அப்போது மணி பத்து ஐந்து. மில்லுக்காரர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் சொன்னது. திரும்பத் திரும்பப் போட்டேன். அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். மலை ஏற ஆரம்பித்தால் டவர் கிடைக்காது என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

மொபெட்டை எடுத்தேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் மலை. அணையைத் தாண்டும் வரைக்கும் வேகம் இருந்தது. ஏற்றத்தில் மொபெட் முனகத் தொடங்கியது. ஒரு டிரம்முக்குள் ஸ்பிரிங் தெறித்தால் என்ன ஆகும் என்று மனது படம் போட்டுக்கொண்டே வந்தது. ஷூ திரும்பி வராது. உடைந்த துண்டு ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் சிக்கும். சக்கரம் கவ்வி நிற்கும். இறக்கத்தில், வளைவில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்றால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். எந்தப் பக்கச் சக்கரம் என்பதைப் பொறுத்தது.

ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு வளைவில் கீழே மரங்களுக்கு நடுவில் பளீரென்று ஏதோ மின்னியது. மொபெட்டைப் போட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடினேன். என் பம்பர்தான், என் கையால் தேய்த்த பம்பர்தான் என்று நினைத்துவிட்டேன். உற்றுப் பார்த்தால் யாரோ வீசிய தகரம். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. எழுந்து வண்டியை எடுத்தேன்.

கொஞ்சம் மேலே ரோட்டோரத்தில் ஓர் அம்மா கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். "கறுப்பு வண்டி ஒண்ணு போச்சாம்மா, பழைய வண்டி?" என்று கேட்டேன்.

"போச்சே! கண்ணு கூசுது அந்த வண்டி. கரியாலூர்ப் பக்கம் போவுது. ஒரு கொழந்த கைய ஆட்டிகினு போச்சி" என்றார்.

குழந்தை. மில்லுக்காரரின் பேத்தி, நாலு வயது. அவளும் போகிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கரியாலூரில் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. பத்துப் பேர் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சம்பந்தி தம்பதி பின்னால் ஏறியாயிற்று. பேத்தி முன் சீட்டில், மில்லுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் நேராக மொபெட்டை பம்பருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏழுமல? நீ இன்னாய்யா இங்க?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"வண்டிய எடுக்காதீங்க மொதலாளி. பிரேக் ஸ்பிரிங்க நான் கெடுத்துட்டேன். ஆசிட்ல ஊற வெச்சிட்டேன். இப்ப ஒடஞ்சிடும்."

சிரிப்பு நின்றது. சம்பந்தி பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டையும் எடுத்துக் காட்டினேன்.

"இது எதுல இருந்தது?" என்று கேட்டார் மில்லுக்காரர்.

"உபரிங்க. எங்க வூட்டுக் கதவுல மாட்டி இருந்தோம்."

சம்பந்தி பக்கென்று சிரித்துவிட்டார். மில்லுக்காரரின் முகம் கறுத்தது. "கதவுல மாட்டினது ஒடஞ்சிச்சின்னு என் வண்டிய நிறுத்துறியா? இவ்ளோ ஏத்தம் ஏறி வந்துகிது. பிரேக்கு கல்லு மாதிரி பிடிக்குது."

"ஏறும்போது பிரேக்குக்கு வேல கம்மி மொதலாளி. எறங்கும்போது மொத்தமும் பிரேக்குலதான்."

"சரி. கழட்டு. ஒரு சக்கரத்தக் கழட்டிக் காட்டு. ஒடஞ்சிருந்தா நீ சொல்றத ஒத்துக்கறேன்."

பேத்தியை இறக்கச் சொன்னேன். ஜாக்கி போட்டு முன் இடது சக்கரத்தைக் கழற்றினேன். தம்பிகளா, சாமான் உடைந்திருக்க வேண்டும் என்று ஒரு தொழிலாளி வேண்டிக்கொண்டது எனக்குத் தெரிந்து அன்றைக்கு ஒரு தடவைதான். டிரம்மை உருவினேன்.

இரண்டு ஸ்பிரிங்கும் முழுசாக இருந்தன. பளபளவென்று, கொலுசு மாதிரி.

கூட்டத்தில் எவனோ விசில் அடித்தான். "புதுசு மாதிரி இருக்குதுங்களே! இதுல என்ன கோளாறுங்க?" என்றார் சம்பந்தி.

"பாத்துட்ட இல்ல? மாட்டு. மாட்டிட்டு வூடு போய்ச் சேரு. மீதிய நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் மில்லுக்காரர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என்னிடம் ஆதாரம் இல்லை. கண்ணுக்கு எதிரே இருக்கிற சாமான் நான் சொல்வது பொய் என்கிறது. முதலாளி மாட்டச் சொல்கிறார். ஊர் சிரிக்கிறது. ஒருவேளை இந்த எட்டும் தாங்கிவிடுமோ என்று எனக்கே ஒரு நினைப்பு ஓடியது. நிஜமாகவே ஓடியது. அப்போது அந்தக் குழந்தை வந்து சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, "இது இன்னா, வெள்ளியா?" என்று கேட்டது.

நான் குறடு ஒன்றை எடுத்து இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றினேன். ஷூக்களையும் கழற்றினேன். ஸ்பிரிங்குகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"கழட்டினவன் நான். மாட்ட மாட்டேன். இனிமே பெடல மிதிச்சா எண்ணெதான் கொட்டும், பிரேக்கு பிடிக்காது. என்னை அடிச்சிட்டாலும் இந்த வண்டி இன்னிக்கி தானா மலை எறங்காது."

அவர் கையை ஓங்கினார். நான் நகரவில்லை. அடித்திருந்தால் வாங்கியிருப்பேன், எனக்கு அது வேண்டியதுதான். சம்பந்திதான் கையைப் பிடித்தார். பேத்தி வீலென்று அழுதது. மில்லுக்காரர் என்னைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சம்பந்தி வீட்டாரும் பேத்தியும் பஸ் ஏறி மலை இறங்கினார்கள். மரவள்ளி ஏற்றிப் போக வந்த லாரி ஒன்று காலியாக நின்றது. மேட்டோரமாக அதை நிறுத்தி, பலகை போட்டு, கூட்டமே சேர்ந்து தள்ளிக் காரை ஏற்றினோம். மில்லுக்காரர் லாரியின் முன்னால் ஏறிக்கொண்டார். நான் மொபெட்டில் பின்னாலேயே வந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் காரை என் பட்டறையில் இறக்கினோம். லாரி போய்விட்டது. நானும் மில்லுக்காரரும் மட்டும் நின்றோம். செல்வி உள்வாசலில் நின்றாள். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்ததை அவர் அப்போது கொட்டினார்.

"சம்பந்தி ஜனத்த பஸ்ல அனுப்ப வெச்சிட்டியே! பத்துப் பேரு எதிர்ல என் மானத்த வாங்கிட்டியே! கண்ணு முன்னால முழுசா இருக்குது ஸ்பிரிங்கு. நீ தேய்க்கறவன், தேய்க்கறதோட இரு. மெக்கானிக் வேல உனக்கு எதுக்குய்யா? நாளைக்கி இந்த வண்டிய வேற ஆளாண்ட..."

டக்.

பெரிய சத்தம் இல்லை. காருக்குள்ளிருந்து, முன் வலது சக்கரத்திலிருந்து வந்தது. காரின் பக்கத்தில் யாரும் இல்லை. சாவி அவர் கையில் இருந்தது.

"இன்னா சத்தம் அது?" என்றார், தணிந்த குரலில்.

நான் ஜாக்கியை எடுத்தேன். டிரம்மை உருவும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, ஏதோ இடித்தது. வெளியே வந்ததும் அரை ஸ்பிரிங் தரையில் விழுந்தது. மீதி அரை, ஷூவின் ஓரத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "பாப்பா வந்து சேந்துச்சா? இன்னா பண்ணுது?" என்று கேட்டார். கேட்டதையே இரண்டு முறை கேட்டார். போனை வைத்துவிட்டு, என் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அப்புறம் சொன்னார்: "முன் சீட்டுலதான் குந்த வெச்சிருந்தேன் ஏழுமல."

நான் தரையில் கிடந்த அரை ஸ்பிரிங்கை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நீ தெரிஞ்ச ஒடனே ஓடி வந்துட்ட. எவன் வருவான்? எங்க நேரம் பாரு, பத்து மணி வரைக்கும் கச்சிராயபாளையத்துலதான் டிபன் சாப்ட்டுகினு இருந்தோம். பாப்பா ரெண்டாவது பூரி கேட்டுச்சி. அங்க டவர் நல்லா இருந்துச்சி. அப்ப உனக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு போனோட முடிஞ்சிருக்கும். தெரிஞ்சாத்தான சொல்லுவ, நீ இன்னா பண்ணுவ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கையை நான் உதறவில்லை. ஒன்பது மணிக்கே தெரியும் என்று சொல்லவும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் போய் ஊரெல்லாம் சொன்னார். 'மலைக்கு ஓடினவரு' பிறந்த கதை அதுதான்.

மறுநாள் காலையில் சோறு இறங்கவில்லை. செல்வியிடம் சொல்லிவிட்டேன். உடைந்ததைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும். டம்ளர எடுக்க வந்தேன் இல்ல? ஊத்தி வெச்ச டீ ஊத்தினபடியே இருந்துச்சி. ஆடை கட்டி இருந்துச்சி. டீயத் தொடாத மனுஷனா நீங்க? அப்பவே நெனச்சேன், எதையோ மறைக்கறீங்கன்னு" என்றாள். பிறகு, "என்னாண்ட சொல்லி இன்னா ஆவும்? அவராண்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

சின்னசேலத்துக்குப் போனேன். மில்லில் நெல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன்: மணி ஒன்பது, சட்டைப் பை, டீ, எல்லாம்.

அவர் கத்தவில்லை. "ஒம்போது மணிக்கேவா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

"போ" என்றார்.

வந்துவிட்டேன். ஊருக்குச் சொன்ன கதையை அவர் திருத்தவில்லை. அது எனக்குச் செய்த உபகாரமா, தண்டனையா என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. இரண்டு மாதம் என்னைக் கூப்பிடவும் இல்லை.

தொழில் சம்பந்தமாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம்தான். ஸ்பிரிங்கை ஆசிட்டில் போடாதீர்கள். பிரஷ் போட்டுத் தேயுங்கள், எண்ணெய் தடவுங்கள், கறுப்பாகவே இருக்கட்டும். சில சாமான் மின்னக் கூடாது. அதை எந்த மெக்கானிக்கும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார். நான் சொல்ல வந்தது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி. தப்பு எல்லாரும் பண்ணுவோம், அதற்காக யாரும் சாக வேண்டியதில்லை. தப்பு தெரிந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோமே, அப்போதுதான் அடுத்தவன் பிள்ளை மலை ஏறிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் ஒருநாள் அந்த டீ வரும். ஆறுவதற்குள் எழுந்திருங்கள்.

இரண்டு மாதம் கழித்து மில்லுக்காரர் விளக்கு வளையம் இரண்டை மெருகு போட அனுப்பினார். எடுத்துப் போக அவரே வந்தார். எல்லோரும் செய்கிற மாதிரி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவில்லை. கையில் வாங்காமலேயே என் முகத்தைப் பார்த்து, "சொல்ல வேண்டியது எதுனா இருக்குதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நான் வேலையை விடும் வரை, ஒவ்வொரு முறையும் அவர் அதையே கேட்டார். கேட்காமல் ஒரு சாமானைக்கூட எடுத்துப் போனதில்லை. ஒவ்வொரு முறையும் எனக்கு வியர்த்தது. ஒருமுறை கதவுக் கைப்பிடி ஒன்றைத் தேய்க்கும்போது, உள்பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலைப் பார்த்திருந்தேன். என் வேலையால் வந்ததா, பழையதா என்று எனக்கே தெரியாது. மெருகுக்கு அடியில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. அவர் வந்தார், கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்வியைக் கூப்பிட்டு இரண்டு டீ கேட்டார். என் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றார்.